டயாலிசிஸும் இதயத் துடிப்பும்: கோவிட் கற்பித்த பாடம்

கோவிட் காலத்தில் ஒகேனக்கல்லில் பரிசல்கள் கரையேறிக் கிடந்தன. அருவிக்குச் செல்லும் வழியும் அடைக்கப்பட்டது. அங்கிருந்து பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்கு ஏறத்தாழ 46 கி.மீ. தொலைவு. உறவினரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டுக் கைப்பேசி அழைப்புக்காகக் காத்திருந்த குடும்பங்களை மிகவும் கலங்கச் செய்த செய்தி ஒன்றுண்டு: “சிறுநீரகம் செயலிழந்துள்ளது, டயாலிசிஸ் செய்கிறோம், இதயத் துடிப்பும் சீராக இல்லை.” டயாலிசிஸ்தான் இதயத்தைக் கெடுத்ததோ என்ற ஐயம் அப்போது எழுவது இயல்பே. அந்த ஐயத்தாலேயே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயங்குவோரை இன்றும் காண்கிறோம். ஆகவே இதை விளக்க விரும்புகிறோம்.

இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. சிறுநீரகம் நின்றால் அது ஏறும், 6.5-ஐத் தாண்டினால் இதயமே நின்றுவிடக்கூடும். அதை இறக்குவதே டயாலிசிஸின் முதன்மையான பணிகளுள் ஒன்று. எனினும் பொட்டாசியம் மிக விரைவாகக் குறைந்தாலும், உடலின் நீர் வேகமாக வெளியேறி இரத்த அழுத்தம் தாழ்ந்தாலும் துடிப்பு தடுமாறலாம். சுழலில் சிக்கிய பரிசலை ஒரே வீச்சில் கரைக்குத் திருப்ப எந்தப் பரிசலோட்டியும் முயல்வதில்லை. அதுபோலவே, வழக்கமாக 4 மணி நேரத்தில் முடியும் டயாலிசிஸ், உடல்நிலை மோசமானவர்களுக்கு 6 முதல் 12 மணி நேரமோ, இரவு பகலாக 24 மணி நேரமுமோ மெதுவாகச் செய்யப்படுகிறது.

கோவிட் நோயாளிகளுக்கு வேறு சுமைகளும் இருந்தன: ஆக்சிஜன் குறைவு, உடல் முழுதும் அழற்சி, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள். முதல் அலையில் பலருக்கும் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டுமே இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்க வல்லவை. 2020-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 700 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்தபோது, 9 பேருக்கு இதயம் நின்றது. அந்த 9 பேரும் தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள். 25 பேருக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ‘ஏட்ரியல் பிப்ரிலேஷன்’ புதிதாகத் தோன்றியது. வைரஸ் நேரடியாக இதயத்தைத் தாக்கியதைவிட, உடல் முழுவதும் நலிந்ததே பெரும்பாலும் காரணம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர்.

குடும்பத்தார் செய்யக்கூடியது சிறிதன்று. நோயாளி முன்பு உட்கொண்ட மாத்திரை அட்டைகளை, நாட்டு மருந்து உட்பட, அப்படியே எடுத்து வாருங்கள். முன்பு படபடப்போ மயக்கமோ வந்திருந்தால் கேட்காமலேயே கூறுங்கள். ஏறியிருக்கும் பொட்டாசியத்தை மருந்துகளால் குறைக்க இயலாதபோது டயாலிசிஸை மறுப்பது இதயத்தைக் காப்பதாகாது.

வீடு திரும்பிய பின்னரும் சிலருக்கு டயாலிசிஸ் தொடரும். தேறட்டும் என்று இளநீர் வெட்டித் தருவது நம் ஊர் அன்பு; ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. மருத்துவரைக் கேட்காமல் அதையும் பழச்சாற்றையும் தரவேண்டா. வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு, அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் திரவப் பைகள் இல்லத்திற்கே வந்து சேர்கின்றன.

டயாலிசிஸ் ஒரு முறை தவறிய பின் கைகால் தளர்ச்சியோ, நாடி தாறுமாறாக ஓடுவதோ, மயக்கமோ தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.