இரவில் இறங்கிய மீனுக்கு யார் கணக்கு?

ஏப்ரல் பாதியைத் தாண்டிவிட்டால் வேலூர் லாங் பஜார் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வஞ்சிரம் விலை ஏறியிருக்கும்; கட்லாவும் ரோகுவும் கடையில் முன்வரிசைக்கு வந்திருக்கும். கேட்டால் "தடைக்காலம் சார்" என்று முடித்துவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017இல் 61 நாளானது. மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரு கரையும் ஏறக்குறைய மூடிக் கிடக்கும்.

ஏன் இந்தத் தடை? மீன் இனப்பெருக்கக் காலம் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள், நாமும் அப்படியே எழுதுகிறோம். ஆனால் மார்க்கெட்டில் மீன் அரிந்து கொடுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். வருஷம் முழுக்க எந்த மாதம் எந்த மீனின் வயிற்றில் சினை இருந்தது என்று அவர் கத்திக்குத் தெரியும். மழைக்காலத்திலும் சினை மீன் வருகிறதே என்பார். கடற்கரையில் இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. தடையை வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு மாற்றுங்கள் என்று தமிழக மீனவர் சங்கங்கள் பலமுறை கேட்டிருக்கின்றன.

அவர்கள் சொல்வது தவறில்லை. வெப்ப மண்டலக் கடல் மீன்களில் பெரும்பாலானவை, குளிர்நாட்டு மீன்கள்போல ஆண்டுக்கு ஒருமுறை குறித்த நாளில் முட்டையிடுவதில்லை. மாதக்கணக்கில், தவணை தவணையாக இடுகின்றன. ஒவ்வொரு இனத்துக்கும் உச்ச மாதம் வேறு. எல்லா மீனுக்கும் பொருந்தும் 61 நாளை எந்த விஞ்ஞானியாலும் குறித்துத் தர முடியாது. தடையால் வரும் நன்மையில் ஒரு பங்கு, இழுவை வலைகள் இரண்டு மாதம் ஓய்ந்து கிடப்பதாலேயே வருகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு இது தெரியும். கரைக்கு வந்து சேர்ந்ததோ 'இனப்பெருக்கக் காலம்' என்ற சுருக்கப் பதிப்பு மட்டும். நவம்பரில் சினை மீனைக் கையில் பிடிக்கிறவர், மொத்த அறிவியலுமே பொய் என்ற முடிவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கரையிலிருந்து ஆய்வகத்துக்குப் போகும் தகவலின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1947இல் தொடங்கப்பட்டு இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்தான் நாட்டின் கடல் மீன்பாட்டைக் கணக்கிடுகிறது. கரை நெடுக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மீன் இறங்குகிறது. அத்தனையிலும் ஆள் போட்டு எடை பார்க்க முடியாது. எனவே மாதிரிக் கணக்கெடுப்பு. மாதத்தை மூன்று பத்து நாட்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த இரண்டு நாட்களாகத் தேர்ந்தெடுப்பார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் மதியம் 12 மணியிலிருந்து மாலை 6 வரை கரையில் நிற்பார். மறுநாள் காலை 6 முதல் மதியம் 12 வரை. எந்த வலை, எத்தனை மணி நேரம் கடலில் இருந்தார்கள், எந்த மீன் எத்தனை கூடை என்று குறித்துக்கொள்வார். படகுகள் அதிகமானால் அவற்றிலும் சிலவற்றை மட்டும் பார்ப்பார். காசிமேடு போன்ற பெரிய துறைமுகம் என்றால் அதிக நாட்கள்.

மாலை 6 முதல் காலை 6 வரை? அந்தக் கணக்கை விசாரித்துத்தான் எழுதுகிறார்கள். "ராத்திரி எத்தனை போட்டு வந்துச்சுண்ணே, என்ன பட்டுச்சு?" என்ற கேள்விக்குக் கரையில் இருப்பவர் சொல்லும் பதிலும் நாட்டின் புள்ளிவிவரத்துக்குள் போய்ச் சேர்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முறைப்படி வகுத்த, நல்ல முறைதான். ஆனால் மீனவருக்கும் அறிவியலுக்கும் இடையே அன்றாடம் நடக்கும் உரையாடல் என்றால் இதுதான்.

இப்படி மீன்பாட்டின் எடை மட்டும் தெரிந்து, மீனவர் சொல்வது காதில் விழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து இருக்கிறது. 1980களில் கரையோர மீனவர்கள், காட் மீன் குறைகிறது, உருவமும் சிறுத்துப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அரசு விஞ்ஞானிகள் ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் மீன்பாட்டைப் பெரிதும் நம்பினார்கள். அது குறையவில்லை. காரணம் எளிது: கூட்டமாகத் திரியும் மீன், எண்ணிக்கை சரிந்தாலும் மிச்சமிருக்கும் இடத்தில் அடர்த்தியாகவே இருக்கும், கருவி வைத்துத் தேடும் கப்பல் நேராக அங்கேயே போகும். 1986இல் கரையோர மீனவர் சங்கம் தன் சொந்தச் செலவில் ஓர் ஆய்வு செய்து, அரசின் மதிப்பீடு மிகை என்று காட்டியது. 1992 ஜூலை 2 அன்று காட் பிடிக்கத் தடை வந்தபோது, காலம் கடந்திருந்தது. சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள்.

ஆம்பூர் தோல் ஷாப்புகளில் தரம் பிரிக்கிறவர் தோலை விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆய்வகத்தில் அதே தோலை இழுத்துப் பார்த்து எண் தருவார்கள். ஏற்றுமதிக்கு இரண்டும் வேண்டும். கடலில் இரண்டாவதற்கு மட்டும் மரியாதை.

மேலிருந்து கீழே தகவல் அனுப்புவதில் நாம் தேர்ந்துவிட்டோம். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் 1990களின் இறுதியிலேயே, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தது. 2004 சுனாமி அன்று பக்கத்து நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரரிடமிருந்து போன் வந்தது; அங்கிருந்த இதே போன்ற ஒலிபெருக்கிதான் ஊரைக் காலி செய்ய வைத்தது. ஹைதராபாதின் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து, மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. டீசல் மிச்சமாகும், சரி. ஆனால் மீன் எங்கே என்று எல்லோருக்கும் சொல்வது மீன்வளத்தைக் காப்பதாகாது. இரண்டையும் ஒரே பேச்சில் கலந்துவிடுகிறோம்.

இருவழிப் பேச்சு கைகூடிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. கொல்லம் அஷ்டமுடி ஏரியில் மட்டி எடுப்பு, ஏற்றுமதி ஆசையில் வளர்ந்து 1991இல் சுமார் 10,000 டன்னைத் தொட்டு, 1993இல் பாதியாக விழுந்தது. மீனவர்களும் கொச்சி ஆராய்ச்சியாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை, வலைக்கண் 30 மில்லிமீட்டர், ஒரு கிலோ சதைக்கு 1,400 மட்டிக்கு மேல் போகும் அளவு சிறியதை ஏற்றுமதி செய்வதில்லை என்று முடிவானது. 2014இல் கடல்வளப் பராமரிப்புக்கான உலகச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அதுவே முதல். மட்டி நகராது, ஏரிக்கு எல்லை உண்டு, வாங்குபவர் ஏற்றுமதியாளர். இந்த வசதி வங்கக் கடலில் இல்லை.

இங்கே 'மீனவர்' என்று ஒருவர் கிடையாது. சுருக்குமடி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2000இல் அதைத் தடை செய்தது. வைத்திருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். நாட்டுப்படகு மீனவர்கள் தடை நீடிக்க வேண்டும் என்றார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. இந்த நிலையில் கணக்கெடுப்பவர் காலையில் வந்து "நேத்து எந்த வலை, எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திரும்புனீங்க" என்று கேட்கிறார். அவர் புள்ளிவிவரத்துக்குக் கேட்கிறார். எதிரே இருப்பவருக்கு அது வாக்குமூலமாகப் படலாம். யோசித்துத்தான் பதில் சொல்வார்.