வெப் டெவலப்மென்ட்: எதை வச்சு கத்துக்கறது?

"சொந்தமா வெப் டெவலப்மென்ட் கத்துக்கணும், எந்த கோர்ஸ் எடுக்கலாம்?" எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். கடன் வாங்கி ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க. நான் மூணு விஷயம் பார்ப்பேன்.

முதல்ல, பாடம் பழசா? ஜாவாஸ்கிரிப்ட்ல 'லெட்', 'கான்ஸ்ட்' 2015-லயே வந்தாச்சு. இன்னும் எல்லா இடத்துலயும் 'வார்' போட்டே சொல்லித் தர்றாங்க, பக்கத்தை அடுக்க ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் பேச்சே இல்லைன்னா, அந்த கோர்ஸை விட்டுடுங்க.

ரெண்டாவது, உங்க கையால எழுத வைக்குதா? வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரியும். காலி ஃபைலைத் திறந்தா ஒரு வரி ஓடாது. ஃப்ரீகோட்கேம்ப்ல பிரவுசர்லயே எழுதிப் பழகலாம். தி ஓடின் ப்ராஜெக்ட், உங்க கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ண வச்சு, 'கிட்'டும் சேர்த்துக் கத்துத்தரும். ரெண்டுமே இலவசம்.

மூணாவது, சந்தேகம் வந்தா எங்க தேடுவீங்க? மொஸில்லாவோட எம்டிஎன் தளத்துல ஒவ்வொரு டேக்குக்கும் விளக்கம் இருக்கு, எந்த பிரவுசர்ல வேலை செய்யும்ங்கற அட்டவணையும் இருக்கு. ஆங்கிலம்தான், தினம் ஒரு பக்கம் படிச்சா பழகிடும்.

பத்து கோர்ஸ்ல சேர்ந்தா பத்துலயும் முதல் பாடம்தான் தெரியும். அதனால ஒரு பாடத்திட்டம், பக்கத்துல எம்டிஎன், அவ்வளவு போதும். உங்க தெரு டீக்கடைக்கு ஒரு மெனு பக்கம் இந்த மாசமே செஞ்சு பாருங்க. எங்க மாட்டிக்கிறீங்களோ, அதுதான் அடுத்த பாடம்.