கண்ணளப்போரும் மருந்துச் சீட்டும்

ஈப்போக் கண்ணாடிக் கடைகளில் கண்ணளப்பவரையெல்லாம் 'கண் டாக்டர்' என்கிறோம். கண் மருத்துவர் வேறு. பார்வை அளவையராகிய ஆப்டோமெட்ரிஸ்டு வேறு. நம் நாட்டில் 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறும் பார்வை அளவையருக்கு, நோய் தீர்க்கும் மருந்தெழுத உரிமையில்லை.

பிரிட்டனில் 2008 முதல் அவ்வுரிமை உண்டு. பட்டத்திற்கு மேலும் பயின்று, மேற்பார்வையில் பழகித் தேறியவரே, கண்நோய்க்குத் தம் பொறுப்பில் மருந்தெழுதலாம். ஊசி மருந்து அவருக்குமில்லை.

இத்துணைப் பயிற்சி எதற்கு? சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டுச் சொட்டு உடனே இதந்தரும். ஆனால் அச்சிவப்பு ஹெர்ப்பிஸ் கிருமியால் வந்ததாயின், கருவிழியிற் புண் பரவும். நெடுநாள் விட்டாலோ கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடக்கூடும்.

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்டத்து முதியவரை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துவரும் மகனுக்கு ஒருநாட் கூலி போகிறது. முறையாகப் பயின்றவர் அண்மையிலேயே மருந்தெழுதினால் நன்று. பயிலாதவர் தரும் சொட்டைவிட அவ்வலைச்சலே மேல்.