185-ஆ 205-ஆ? டயர் அளவு பற்றி ஒரு கணக்கு

போன வாரம் அண்ணன் மகன் போன் பண்ணினான். செகண்ட் ஹேண்டில் ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கிறான். "சித்தப்பா, டயர் நாலும் மொட்டையா இருக்கு. எப்படியும் மாத்தணும். அப்படியே 17 இன்ச் அலாய் போட்டுட்டா செம்மையா இருக்கும்ல?" என்றான்.

ரெண்டு நாளில் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஏனென்றால் கிட்டத்தட்ட இதே கேள்விக்கு 2018-ல் தப்பாக விடை எழுதியவன் நான். அந்தத் தப்பின் விவரம் முழுக்க ஒரு எக்ஸெல் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அவனுக்குச் சொல்ல அதைத் தேடி எடுத்தேன். அவனைப் போல யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மைலேஜ் எங்கே போச்சு?

என்னிடம் இருப்பதும் அதே கார்தான், 2014 மாடல். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி. கம்பெனி கொடுத்த டயர் 185/60 ஆர்15. 42,000 கி.மீ. ஓடியதும் டயர் தேய்ந்துவிட்டது. கோவையில் ஒரு டயர் கடைக்குப் போனேன். "சார், இந்த வண்டிக்கு 185 எல்லாம் சைக்கிள் டயர் மாதிரி. 205/60 போடுங்க, அதே ரிம்ல உக்காந்துரும். கிரிப்பும் ஏறும், வண்டியும் கொஞ்சம் தூக்கும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆறு அங்குல அகல ரிம்மில் 205/60 தாராளமாக உட்காரும். போட்டுக்கொண்டு வந்தேன். பார்க்க நிஜமாகவே கம்பீரமாக இருந்தது.

ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் எக்ஸெலில் ஏற்றுவது என் பழக்கம். வீட்டில் இதைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. டயர் மாற்றிய மூன்று மாதத்தில் சராசரி மைலேஜ் 14.2-லிருந்து 13.3-க்கு இறங்கியிருந்தது. ஆறு சதவீதத்துக்கு மேல் அடி. பெட்ரோல் பங்க் மேல் சந்தேகம், ஏர் ஃபில்டர் மேல் சந்தேகம். டயர் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

விடை தற்செயலாகத்தான் கிடைத்தது. சேலம் போகும் வழியில் போன் ஜிபிஎஸ் காட்டிய வேகத்தைக் கவனித்தேன். முன்பெல்லாம் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது ஜிபிஎஸ் 94 சொல்லும். இப்போது 98 சொன்னது. கார் மாறவில்லை, மீட்டர் மாறவில்லை. மாறியது சக்கரம்.

மூன்று எண்கள், ஒரு விட்டம்

185/60 ஆர்15 என்றால் என்ன? 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் இல்லை. அகலத்தில் 60 சதவீதம். ஆர் என்றால் ரேடியல் டயர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் துறையில் ஒருவர் இப்படிக் கோட் எழுதினால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

சூத்திரம் சுலபம். பக்கச்சுவர் உயரம் 185 × 0.60 = 111 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 222. ரிம் 15 × 25.4 = 381. இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் 603 மி.மீ.

நான் போட்ட 205/60 ஆர்15-க்கு இதே கணக்கு: 205 × 0.60 = 123, இரண்டு மடங்கு 246, கூட்டல் 381, ஆக 627 மி.மீ. நான்கு சதவீதம் பெரிய சக்கரம். இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். இரண்டு டயரிலும் 60 என்றே இருப்பதால் உயரம் ஒன்றுதான் என்று தோன்றும். 60 என்பது சதவீதம் என்பதால், அகலம் கூடினால் உயரமும் சேர்ந்து கூடிவிடும்.

இனி காரின் பக்கம் வருவோம். காருக்குத் தூரம் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும். 603 மி.மீ. சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 528 சுற்று சுற்றும். 627 மி.மீ. சக்கரம் 508 சுற்றிலேயே அந்தத் தூரத்தை முடித்துவிடும். பாரத்தில் டயர் சற்றே அமுங்குவதால் நிஜ எண்கள் கொஞ்சம் மாறும், விகிதம் மாறாது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனி ஒரு கான்ஸ்டன்டை ஹார்ட்கோட் பண்ணி வைத்திருக்கிறது. நான் சக்கரத்தை மாற்றினேன், கான்ஸ்டன்டை மாற்றவில்லை. அதனால் 104 கி.மீ. ஓடினால் ஓடோமீட்டர் 100 என்றே எழுதியது.

அப்படியானால் என் மைலேஜ் 13.3 இல்லை. 13.3 × 1.04 = 13.8. காணாமல் போன ஆறு சதவீதத்தில் பெரும்பகுதி வெறும் அளவீட்டுப் பிழை. மீதி இருந்த இரண்டரை சதவீதம் நிஜ இழப்பு. கனமான, அகலமான டயரை உருட்டும் செலவு.

வால்பாறை வளைவில்

அதோடு போயிருந்தால் இதை ஒரு எக்ஸெல் வேடிக்கையாக மறந்திருப்பேன். அந்த வருஷக் கடைசியில் குடும்பத்தோடு வால்பாறை போனோம். அப்பா, அம்மா, மனைவி, மகள், பின்னால் டிக்கி நிறைய சாமான். ஆழியாறு தாண்டி மலை ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முன்சக்கரத்திலிருந்து 'க்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த வளைவிலும் அதே. "ரப்பர் கருகுற வாசனை வருதுடா" என்றார் அப்பா.

வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக் லைனரில் டயர் உரசி, பளபளவென்று ஒரு பட்டை விழுந்திருந்தது. கணக்கு இப்போது வெளிப்படையாகத் தெரிந்தது. சக்கரத்தின் ஆரம் 12 மி.மீ. கூடியிருக்கிறது. அகலம் பக்கத்துக்கு 10 மி.மீ. கூடியிருக்கிறது. நான் ஒருவன் மட்டும் அவிநாசி ரோட்டில் ஓட்டும்போது அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. ஐந்து பேரும் சாமானும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கியதும் போதவில்லை. டயர் ரிம்மில் உட்கார்ந்ததே தவிர, காரில் பொருந்தவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

மெதுவாக ஏறி, அதைவிட மெதுவாக இறங்கி வந்தோம். மலையில் உரசலோடு ஓட்டிய அந்த மூன்று மணி நேரம் நான் யாரோடும் பேசவில்லை.

கம்பெனி என்ன செய்கிறது?

வந்ததும் முதல் வேலையாக, இதே தலைமுறை போலோவுக்குக் கம்பெனியே கொடுத்த அளவுகளைப் பட்டியல் போட்டேன். இங்கே விலை குறைந்த மாடல்களுக்கு 14 அங்குலம், என்னுடையதற்கு 15. ஐரோப்பாவில் 16, 17 அங்குலமும் உண்டு.

175/70 ஆர்14: விட்டம் 600.6 மி.மீ.
185/60 ஆர்15: விட்டம் 603 மி.மீ.
215/45 ஆர்16: விட்டம் 599.9 மி.மீ.
215/40 ஆர்17: விட்டம் 603.8 மி.மீ.

ரிம் மூன்று அங்குலம் வளர்ந்திருக்கிறது. அகலம் 40 மி.மீ. கூடியிருக்கிறது. மொத்த விட்டம் மட்டும் நான்கு மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், ஏபிஎஸ், மட்கார்டு இடைவெளி எல்லாமே அந்த விட்டத்தை நம்பி இருக்கின்றன. டயர் அளவை மாற்றுகிறவர்கள் முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த எண்ணைத்தான். மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. என் அனுபவத்தில் இரண்டைத் தாண்டும்போதே யோசிக்க வேண்டும்.

அந்த எல்லைக்குள் 15 அங்குல ரிம்முக்கு என்னென்ன கிடைக்கும்? 195/60 போட்டால் விட்டம் 615, இரண்டு சதவீதம் கூடுதல். 195/55 என்றால் 595.5, ஒன்றேகால் சதவீதம் குறைவு. கார் கிட்டத்தட்ட 4 மி.மீ. தாழும், நம் ஊர் வேகத்தடையில் அது தெரியும். 205/55 என்றால் 606.5, கணக்குப்படி அருமை; ஆனால் அகலம் கூடுவதால் முழுப் பாரத்தோடு ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது.

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா?

சரி, கடைக்காரர் சொன்ன கிரிப்பு? ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ பாரம் என்று வைப்போம். காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் 133 சதுர செ.மீ. டயர் சாலையைத் தொடும் பரப்பு தோராயமாக இவ்வளவுதான். ஒரு தபால் கார்டு அளவு. குடும்பம் மொத்தமும் நான்கு தபால் கார்டுகளை நம்பித்தான் மலை ஏறுகிறது.

கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் டயரின் அகலம் வரவே இல்லை. பாரமும் காற்றும் அதேதான் என்றால் அகல டயரிலும் தொடும் பரப்பு ஏறக்குறைய அதேதான். கார்டின் வடிவம்தான் மாறும். அகலம் கூடி நீளம் குறையும். வளைவில் இதனால் கொஞ்சம் லாபம் உண்டு, ஸ்டீயரிங் சுருக்கென்று பதில் சொல்லும். ஆனால் சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் அகல டயர் அதிகத் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். தள்ள முடியாத வேகத்தில் தண்ணீர் மேலேயே மிதக்கும். அகல டயர் குறுகிய டயரைவிட முன்னதாகவே மிதக்க ஆரம்பிக்கும்.

பிடிப்பைப் பெரிதும் தீர்மானிப்பது ரப்பர் கலவையும் காடி வடிவமும்தான். அளவு அதற்கு அப்புறம். ஓட்டும் சந்தோஷம் வேறு விஷயம், அதற்கு அகலமே வேண்டியதில்லை. 2012-ல் வந்த டொயோட்டா 86 முழுக்க முழுக்க ஸ்போர்ட்ஸ் கார், 200 குதிரைத்திறன். பல நாடுகளில் அதற்குப் போட்டுக் கொடுத்தது 215/45 ஆர்17 அளவில் மிஷ்லின் பிரைமஸி ஹெச்பி. பிரியஸ் ஹைப்ரிட் காரிலும் வந்த டயர் அது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா தெரிந்தே எடுத்த முடிவு. பிடிப்பைக் குவித்து வைப்பதைவிட, சாதாரண வேகத்திலேயே காரின் நடத்தை ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கடைசி எழுத்தையும் படியுங்கள்

அளவுக்குப் பக்கத்தில் 84ஹெச் என்று இருக்கும். 84 என்பது பாரக் குறியீடு; ஒரு டயர் 500 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை, வி என்றால் 240, டி என்றால் 190. இந்த இரண்டிலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்கவே கூடாது. விலை குறைவு என்று டி டயரை நீட்டுவார்கள். "நான் என்ன 190-லயா போகப் போறேன்?" என்று தோன்றும். அந்த எழுத்து உச்ச வேகத்தை மட்டும் சொல்வதில்லை, டயர் சூட்டைத் தாங்கும் திறனையும் சொல்கிறது. மே மாத நெடுஞ்சாலையில் அது முக்கியம்.

பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி. 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். அளவு சரியாக இருந்தும் பழைய சரக்கு வாங்கினால் பயனில்லை.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதிய ஜோடி பின்னால் போகட்டும். முன்சக்கர டிரைவ் கார் என்றாலும் அப்படித்தான். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

அண்ணன் மகனுக்கு

நான் 205-ஐக் கழற்றி, பழைய 185/60 ஆர்15-க்கே திரும்பினேன். மிச்சப் பணத்தில் ஈரத்தில் நல்ல பிடிப்பு உள்ள ஒரு படி உயர்ந்த டயராகப் பார்த்து வாங்கினேன். எக்ஸெலில் மைலேஜ் 14-க்கு வந்தது. அதற்கடுத்த வருஷம் வால்பாறை போனபோது சத்தம் இல்லை.

அவனிடம் இதைத்தான் சொன்னேன். 17 அங்குலம் தப்பில்லை, 215/40 கம்பெனியே கொடுத்த அளவு. ஆனால் அதற்கு ஏழு அங்குல அகல ரிம் வேண்டும், நாலு ரிம்முக்கும் தனிச் செலவு. பக்கச்சுவர் 111-லிருந்து 86 மி.மீ.-க்கு இறங்கும். குழியில் விழும்போது உன் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் மெத்தையில் கால்வாசி போய்விடும். உன் ஊர் ரோடு எப்படி என்று உனக்குத்தான் தெரியும். முதலில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படி. வேறு கார்களில் அது டிரைவர் கதவுத் தூணில் இருக்கும். அங்கிருந்து விலகுவதானால் விட்டத்தைக் கணக்குப் போட்டுவிட்டு விலகு.

"சரி சித்தப்பா, யோசிக்கிறேன்" என்றான். சாயந்திரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பெட்ரோல் மூடி ஸ்டிக்கர். கீழே ஒரு கேள்வி: "பின்னாடி ஆள் ஏறினா காத்து வேற அளவு போட்டிருக்கே, நிஜமாவே மாத்தணுமா?"

மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு இன்னொரு நாள்.