நெல் காயும் 'வரை'... வங்கி கோடிங்கில் இந்த ஒரு வார்த்தை சொதப்பினால் என்ன ஆகும்?

அதிராம்பட்டினம் பக்கம் கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோனால் முதல் கேள்வியே, ஈரப்பதம் எவ்வளவு? 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடியும் களத்தில் காயவைக்கணும். '17-க்கு இறங்கும் வரை காயவை'. அவ்வளவுதாங்க, இதுதான் கண்டிஷனல் லூப்!

1959-ல் அமெரிக்காவில் உருவாகத் தொடங்கிய வணிகக் கணினி மொழி கோபால் (ஆள் பெயர் இல்லைங்க!). இன்றும் பல வங்கிகளின் மெயின்ஃபிரேம்களில் ஓடுகிறது. இதில் லூப் எழுத உதவும் கட்டளை, 'பெர்ஃபார்ம் அன்டில்'.

எப்போது சோதிக்கும்?

முதலில் சோதனை, பிறகுதான் வேலை. நெல் ஏற்கெனவே 16 சதவீதம் என்றால் ஒரு தடவைகூடக் காயாது. எப்படியும் ஒருமுறை காயணுமா? 'வித் டெஸ்ட் ஆஃப்டர்' சேர்க்கணும். இது 1985 தரநிலையில் வந்த வசதி.

ஜாவா படித்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே 'வைல்' லூப், நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை ஓடும். இங்கே உண்மையானதும் நிற்கும்.

எங்கே சொதப்பும்?

லூப்புக்குள் ஈரப்பதத்தை மறுபடி அளக்காவிட்டால், லூப் நிற்கவே நிற்காது.

இன்னொன்று இதைவிட ஆபத்து. கோப்பு முடிந்துவிட்டதா என்று பார்க்காமல், படித்த கையோடு கணக்குப் போட்டால், கடைசி வாடிக்கையாளருக்கு இரண்டு முறை வட்டி ஏறிவிடலாம். எர்ரர்கூட வராமல் போகலாம்!

தீர்வு சிம்பிள். முதல் பதிவை லூப்புக்கு முன்பே படிங்க. உள்ளே கணக்கை முடிங்க. கடைசி வரியில் அடுத்த பதிவைப் படிங்க.

இன்டர்வியூவில் இதைக் கேட்டால், களத்து நெல்லை நினைச்சுக்கோங்க!