வக்கீல் உட்கார முடியாத மேசை

கிள்ளானிலிருந்து வரும் வாசகர் கடிதங்கள் பலவற்றிலும் ஒரே தவிப்பு: வேலை நீக்கத்தை எதிர்த்துப் புகார் கொடுக்க 60 நாள் என்கிறார்களே, அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பிரிக்பீல்ட்ஸ் கடிதங்கள் வேறு ரகம். மகள் சட்டம் படிக்கிறாள், தொழிலாளர் வழக்குகளை மட்டும் எடுத்தால் பிழைப்பு ஓடுமா?

முதலில் நாள் கணக்கு. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவுப்படி, நோட்டீஸ் கொடுத்து நீக்கினால் அந்தக் காலம் முடிந்த பிறகு 60 நாள். நோட்டீஸ் ஓடும்போதே புகார் கொடுக்கவும் தடையில்லை. நோட்டீஸ் இல்லாமல் நீக்கினால், நீக்கிய நாளிலிருந்தே கணக்கு. நிறுவனத்திடம் மேல்முறையீடு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார். கெடு கெடுதான் என்று 1981இல் பங் கியோங் ரப்பர் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது.

புகாருக்குக் கட்டணம் இல்லை, அதன்மேல் நடக்கும் சமரசப் பேச்சுக்கு வக்கீலும் தேவையில்லை என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்வதுண்டு. தேவையில்லை என்பது நாகரிகமான பேச்சு. உண்மையில் வக்கீலுக்கு அங்கே அனுமதியே இல்லை. தொழிலாளி தனியாகவோ தொழிற்சங்கப் பிரதிநிதியோடோ வரலாம். நிறுவனத்தின் சார்பில் அதன் ஊழியர் ஒருவர் வரலாம். அந்த ஊழியர் சட்டப் பட்டம் பெற்ற சட்டப் பிரிவு அதிகாரியாகவும் இருக்கலாம்! மாதச் சம்பளம் வாங்குவதால் அவர் தொழில் நடத்தும் வக்கீல் அல்ல, விதி மீறப்படவில்லை. எதிரே கிள்ளான் துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு உட்கார்ந்திருப்பார்.

சமரசம் முறிந்தால், 2021 முதல் அமைச்சரின் தயவுக்குக் காத்திருக்காமல் புகார் நேராகத் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே வக்கீல் வரலாம். ஆனால் யார் காசில்? 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு, ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் என்ற ஒப்பந்தத்தைத் தடுக்கிறது. கட்சிக்காரரின் வயிற்றில் வக்கீல் அடிக்கக்கூடாது என்பது நோக்கம். வேலை போனவருக்கோ அதனால் வக்கீலே கிடைக்காமல் போகலாம்.

கணக்கைப் பார்த்தால் புரியும். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆறு ஆண்டு வேலை செய்தவர் ஜெயிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீக்கத்தால் இழந்த பின்சம்பளத்தின் உச்சவரம்பு 24 மாதம்: 40,800 ரிங்கிட். வேலையைத் திரும்பத் தராவிட்டால், ஆண்டுக்கு ஒரு மாதம் என்ற வழக்கமான கணக்கில் இன்னும் 10,200. இடையில் வேறு வேலை பார்த்திருந்தால் அதற்கும் கழிவு உண்டு. 30,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கும் அதே 24 மாதம்தான். அவரால் ஃபீஸ் கட்ட முடியும். நிறுவனங்களுக்கோ கேட்கவே வேண்டாம்.

மகளின் பாதையும் இங்கேதான் வளைகிறது. மலாயா பல்கலைக்கழகப் பட்டம் என்றால் நேரே சேம்பரிங், லண்டன் எல்.எல்.பி. என்றால் முதலில் சி.எல்.பி. என்ற சட்டத் தொழில் தகுதித் தேர்வு. சேம்பரிங்கில் ஏழு ஆண்டாவது தொழில் நடத்திய மூத்த வக்கீலிடம் ஒன்பது மாதம் பயிற்சி எடுத்து, உயர் நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். அதன் பிறகு தொழிலாளர் சட்டத்தில் மாதாமாதம் நிச்சயமாக வருமானம் தரும் வேலை பெரும்பாலும் நிறுவனங்களின் பக்கமே: வேலை ஒப்பந்தம் எழுதுவது, உள்விசாரணை நடத்துவது, ஆட்குறைப்புக்கு ஆலோசனை சொல்வது. தொழிலாளி பக்கம் நிற்க விரும்புகிறவருக்குத் தொழிற்சங்க வழக்குகளும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் உண்டு. அவற்றை மட்டும் நம்பி அலுவலக வாடகை கட்டுவது கடினம்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இந்தத் துறைக்குத் தனித் தேர்வு உண்டா? இல்லை.

அரசு ஊழியருக்கு 20ஆவது பிரிவு? பொருந்தாது.

மிரட்டி ராஜினாமா வாங்கினால்? நீக்கம்தான், மிரட்டியதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

சம்பள பாக்கி? அதற்குத் தொழிலாளர் இலாகா.

தொழிலியல் நீதிமன்றத்தில் தோற்றால்? 14 நாளுக்குள் உயர் நீதிமன்றம்.