சக்கரத்தை எங்கே பற்றுவது?

திருப்பெரும்புதூர் ஒரகடம் தொழிற்பட்டையில், சேரப்பணஞ்சேரியிலிருந்து வேலைக்கு மிதிவண்டியில் புறப்படுபவர் சரக்குந்துகளின் ஓரமாகவே ஓட்டியாக வேண்டும். அவருக்கு எந்தத் தடை (பிரேக்) ஏற்றது: சக்கர விளிம்பைப் பற்றுவதா, அச்சருகே உள்ள வட்டைப் பற்றுவதா? வட்டுத் தடையே வலியது என்பர். இயற்பியல் அதை அப்படியே ஒப்புவதில்லை.

சக்கர விளிம்பும் ஒரு வட்டுதான். மிகப் பெரிய வட்டு. அதன் ஆரம் ஏறத்தாழ 31 செ.மீ. அச்சருகே பொருத்தும் 160 மி.மீ. வட்டிலோ தடைக்கட்டை பற்றும் இடம் அச்சிலிருந்து 7 செ.மீ. தொலைவில்தான் உள்ளது. எனவே அதே திருப்புவிசைக்கு வட்டில் நான்கு மடங்குக்கும் மேலான உராய்வு விசை வேண்டும். வெப்பத்தைத் தாங்குவதிலும் விளிம்பே முந்துகிறது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ, மணிக்கு 20 கி.மீ. வேகம் எனில் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,235 ஜூல். அது முழுதும் 500 கிராம் அலுமினிய விளிம்பில் இறங்கினால் வெப்பநிலை 3 பாகைகூட ஏறாது. 120 கிராம் எஃகு வட்டில் 20 பாகை ஏறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவோர்க்கு இக்கணக்கு வேறு. அங்கே விளிம்பின் சூடு உட்குழாயையே வெடிக்கச் செய்யலாம். நம் சமவெளியில் அந்த அச்சமில்லை.

அச்சம் ஐப்பசி மழையில் தொடங்குகிறது. 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் உருவாக்கிய ஹெர்குலிஸ் வண்டிகளில், இரும்புத் தண்டுகள் இழுக்க, ரப்பர் கட்டைகள் எஃகு விளிம்பின் உட்பக்கத்தை அழுத்தும். குரோமியம் பூசிய எஃகு நனைந்தால் உராய்வு பெரிதும் சரிந்துவிடும். நீரை வழித்தெடுக்கவே நான்கு சுற்று ஆனால், 9 மீட்டர் கடந்துவிடும். சக்கரமோ சாலையிலிருந்து மீண்டும் நீரை வாரிக்கொள்ளும். அலுமினிய விளிம்பு இதைவிட மேல். ஆயினும் மணலும் புழுதியும் கட்டையில் பதிந்து விளிம்பைத் தேய்த்துவிடுகின்றன.

வட்டோ தரைக்கு மேலே உயரத்தில் சுழல்கிறது. கடினமான சிறு கட்டை மிகு அழுத்தத்தோடு நீரைப் பிதுக்கித் தள்ளுகிறது. வட்டின் சிறப்பு வலிமையன்று. மழையிலும் வெயிலிலும் ஏறக்குறைய ஒரேபோல் பற்றும் உறுதி.

இதே ஒரகடத்தில் 2013 முதல் இராயல் என்பீல்டு ஆலை விசையுந்துகளைச் செய்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் தடையமைப்பை 2019 ஏப்ரல் முதல் சட்டம் முழுமையாகக் கட்டாயமாக்கியது. அதே சாலையில் நனைந்த எஃகு விளிம்பை நம்பிச் செல்பவரின் உயிரும் அத்தகைய அக்கறைக்கு உரியது.

முன்சக்கரத்துக்கு மட்டுமேனும் வட்டுத் தடை வேண்டும் என்பேன். தடை பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதைவிடக் கம்பியால் இழுக்கும் வகையே நம் ஊர்களுக்கு ஏற்றது. அறுந்த கம்பியைத் தெருமுனைக் கடையிலேயே மாற்றலாம். ஆனால் பழைய முன்கவையில் வட்டின் பிடியைப் பற்றவைத்துவிடக் கூடாது. தடுக்கும் விசை முழுதும் கவையின் ஒரே காலில் இறங்கும். அதற்கென வலுவாக உருவாக்கிய கவையே அதைத் தாங்கும்.